பெட்டிக்கு ஒரு ஓப்பனர்

லூயிவில், கென்டக்கி
நவம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் தினமும் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாவுக்கு வெறும் கட்டைவிரலைப் பதிலாக அனுப்புகிறேன் என்று அத்தை வருத்தப்பட்டார்களாம். அதனால்தான் இந்தக் கடிதம். இதில் துப்பாக்கித் தோட்டா வருகிறது. அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

தாத்தா விட்டுப்போன ஒத்தைக்குழல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். லைசென்ஸ் புதுப்பிக்கக் கலெக்டர் ஆபீஸுக்கு அலைய வேண்டும். தோட்டா வாங்கினால் கணக்குக் காட்ட வேண்டும். தேர்தல் தேதி அறிவித்ததும் துணியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். காட்டுப்பன்றிகளுக்கு இந்த விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது, தேர்தல் நேரம் பார்த்துத்தான் கடலைக்காட்டில் இறங்குகின்றன என்று நீங்கள் சொல்வீர்கள். இங்கே பதினெட்டு வயது முடிந்தவன் கடைக்குப் போய் ரைஃபிள் தோட்டாவைத் தூண்டில் முள்ளோடு சேர்த்துப் பில் போட்டு வாங்கி வரலாம். கைத்துப்பாக்கித் தோட்டா என்றால் மட்டும் இருபத்தொன்று ஆக வேண்டும். இந்த ஊருக்குப் பக்கத்தில் நாப் கிரீக் என்ற இடத்தில் 2021 வரை வருஷத்துக்கு இரண்டு தடவை மெஷின் கன் திருவிழாவே நடந்திருக்கிறது. குடும்பத்தோடு போவார்களாம்.

உடனே உங்கள் மருமகனும் இடுப்பில் ஒன்றைச் செருகிக்கொண்டு திரிகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். வேலை விசாவில் வந்தவன் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது இங்கே மத்திய அரசுச் சட்டம். வேட்டை லைசென்ஸ் எடுத்திருந்தால் விலக்கு உண்டு. மானைச் சுடுவேன் என்று பணம் கட்டி எழுதிக் கொடுத்தவனை நம்புவார்கள், சும்மா இருப்பவனை நம்ப மாட்டார்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. ஆனால் இந்தியர்களுக்கான வரிசை நகரும் வேகத்தில், எனக்குத் துப்பாக்கி தூக்கும் உரிமை கிடைக்கும்போது தூக்குவதற்குத் தோளில் தெம்பு இருக்காது.

ஆகவே போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு கராஜில் நான் செய்ததெல்லாம் டார்ச் பிடித்தது மட்டுமே. இதைத் தெளிவாக எழுதச் சொல்லி உங்கள் மருமகள் பக்கத்தில் நிற்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவரிடம் மோசின்-நகான் என்ற ரஷ்ய ரைஃபிள் ஒன்று இருக்கிறது. 1891-இல் ஜார் மன்னர் காலத்தில் வந்த மாடல். சோவியத் யூனியன் உடைந்த பிறகு இது அமெரிக்காவுக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் நூறு டாலருக்குள் கிடைத்ததாம். அப்போதே அதற்குத் தோட்டாவும் ஒரு டின் வாங்கி அலமாரியில் வைத்தார். வைத்தது வைத்தபடி இருந்தது.

டின் என்றதும் நெய் டின் என்று நினைக்காதீர்கள். பச்சை பெயிண்ட் அடித்த இரும்புத் தகடு, நாலு பக்கமும் மடித்து ஒட்டி, காற்றுப் புக ஊசிமுனை இடம்கூட இல்லாமல் மூடியது. உள்ளே 440 தோட்டா. எடை பத்து கிலோவுக்கு மேல். பக்கவாட்டில் ரஷ்ய எழுத்துகளோடு 188 என்ற எண்ணும் 83 என்ற எண்ணும் அச்சடித்திருந்தன. 188 என்பது சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் தொழிற்சாலையின் குறி, 83 வருஷம். அமெரிக்காவோடு சண்டை வந்தால் சுடுவதற்கென்று பத்திரமாகக் கட்டி வைத்ததை, அமெரிக்காவிலேயே ஒரு பஸ் டிரைவர் காசு கொடுத்து வாங்கி வாஷிங் மெஷினுக்கு மேலே வைத்திருக்கிறார். 2021-இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்கு அமெரிக்கா தடை போட்டதிலிருந்து இந்த டின்களுக்குத் தனி மவுசு. சீல் உடைக்காததாக இருந்தால் இன்னும் மவுசு. பெரியவர் அதைத் தடவிப் பார்ப்பாரே தவிரத் திறக்க மனசு வராது. பேரன் பிறந்தநாளுக்கு வந்து, “தாத்தா, இது வெடிக்குமா வெடிக்காதா?” என்று ஒரு வார்த்தை கேட்டான். மானப் பிரச்சினையாகிவிட்டது.

இங்கேதான் சிக்கல். ரஷ்யாக்காரன் மடையன் இல்லை. ஒரு மரப்பெட்டிக்கு இரண்டு டின் வைத்து, அவற்றைத் திறக்க வளைந்த மூக்கு வைத்த ஓப்பனர் ஒன்றையும் பெட்டிக்குள்ளேயே வைத்துத்தான் அனுப்பினான். அமெரிக்க வியாபாரி பெட்டியை உடைத்து டின்னைத் தனித்தனியாக விற்றான். ஓப்பனர் எவனுக்குப் போயிற்றோ. அதையும் தனியாக விலை வைத்து விற்கிறார்கள். பெரியவர் அன்றைக்கு, “இரும்பைக் கிழிக்க எனக்கெதற்குத் தனி ஓப்பனர்?” என்று கடைக்காரனிடம் சொல்லிவிட்டு வந்தவர்.

அவர் கராஜை நீங்கள் பார்க்க வேண்டும். நம் ஊர் லேத் பட்டறையில் இருப்பதெல்லாம் அங்கே ஒரு சுவரில் தொங்குகிறது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கோடு போட்டு வரைந்திருக்கிறார், எடுத்தால் காலியிடம் தெரிய வேண்டும் என்று.

முதலில் சமையலறையில் இருந்து சாவி திருகும் டின் ஓப்பனர் வந்தது. அது விளிம்பைக் கவ்வினால்தான் சக்கரம் ஓடும். இந்த டின்னில் அது கவ்வவே இல்லை. அடுத்து ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும். பெரியவரின் மச்சினர் ஒருவர் வந்திருந்தார். அவர் ஓங்கி அடித்ததில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிப் போய் வாஷிங் மெஷினில் ஒரு குழி விழுந்தது. உள்ளே இறங்கியிருந்தால் இன்னும் மோசம். தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர் அடி வாங்குவதற்கென்றே பிறந்தது. அதன் தலையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. குழலுக்கு வெளியே வெடிக்கும் தோட்டா துப்பாக்கியில் இருந்து போவதுபோல் பாயாது, பித்தளையும் இரும்பும் சில்லாகத் தெறிக்கும் என்று மச்சினர் ஆறுதல் சொன்னார். நான் டார்ச்சை இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்து பிடித்தேன்.

பிறகு மச்சினர் இரும்பு அறுக்கும் தன் கிரைண்டரைக் கையில் எடுத்தார். தீப்பொறி பறக்கப் பறக்க 440 தோட்டாவின் தலைக்கு மேல் தகட்டை அறுக்கப் போகிறாராம். அதுவரை உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த பெரியவரின் மனைவி கிரைண்டர் சத்தம் கேட்டதும் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டில் தீர்ப்பு எப்போதும் அப்படித்தான்.

எனக்கு உங்கள் கடை ஞாபகம்தான். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை நீங்கள் பழைய கத்தியை மூலையில் சாய்த்து வைத்து, படிக்கல்லால் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு சொட்டுச் சிந்தாமல் திறப்பீர்களே! நடுவில் குத்தாதே, மூலையில் குத்து, ஆழமாக இறக்காதே என்பீர்கள். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். பெரியவர் உளியை மூலையில் சாய்த்து மெதுவாகத் தட்டினார். ஒரு கீறல் விழுந்தது. அதில் தகடு வெட்டும் கத்தரியை நுழைத்து விளிம்போரமாகவே வெட்டிக்கொண்டு போனார்கள். முழுசாகத் திறக்க அரை மணி. “இந்தியாவில் நீ ராணுவத்தில் இருந்தாயா?” என்று மச்சினர் கேட்டார். மளிகைக்கடை என்றால் மரியாதை குறைந்துவிடும் என்று சிரித்து வைத்தேன்.

இதற்கெல்லாம் பெரிய பரம்பரையே இருக்கிறது, மாமா. உணவைத் தகர டப்பாவில் அடைக்க இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் காப்புரிமை வாங்கியது 1810. அமெரிக்காவில் எஸ்ரா வார்னர் என்பவர் டின் ஓப்பனருக்குக் காப்புரிமை வாங்கியது 1858. நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் உளியும் சுத்தியலும் வைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். உளியால் விளிம்போரமாக வெட்டவும் என்று டப்பாவின் மேலேயே அச்சடித்திருந்தார்களாம். அடைப்பவனுக்கு என்றைக்கும் அவசரம். திறப்பவன் பாடு திறப்பவனோடு.

மச்சினர் விடவில்லை. 1879-இல் தென்னாப்பிரிக்காவில் இசண்டல்வானா என்ற இடத்தில் ஜூலு வீரர்கள் ஆங்கிலேயப் படையை ஒரே நாளில் அழித்தது தோட்டாப் பெட்டியைத் திறக்க முடியாததால்தான் என்றார். அவர் பார்த்த சினிமாவில் அப்படித்தான் வருகிறது. ராத்திரி உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். அந்தப் பெட்டிகளின் நடுப்பலகை ஒரே ஒரு திருகாணியில்தான் நின்றது. அவசரத்துக்குத் துப்பாக்கிக் கட்டையால் பக்கவாட்டில் ஓங்கி ஒரு இடி இடித்தால் பலகை பெயர்ந்துவிடும். வளைந்துபோன திருகாணிகளைப் போர்க்களத்திலேயே பிற்காலத்தில் கண்டெடுத்திருக்கிறார்கள். ஜூலுக்கள் ஜெயித்தது ஆள் பலத்தாலும், கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைத்த வியூகத்தாலும். ஆனால் ஈட்டிக்காரனிடம் தோற்றோம் என்பதைவிடத் திருகாணியிடம் தோற்றோம் என்பது வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். மச்சினரிடம் இதை நான் சொல்லவில்லை. கிரைண்டர் அவர் வீட்டில்தான் இருக்கிறது.

டின்னுக்குள் பழுப்புத் தாளில் மடித்த பொட்டலங்கள், ஒன்றுக்கு இருபதாக 22. தாள் கசங்கவில்லை, துரு ஒரு பொட்டு இல்லை. பேரன் ரேஞ்சில் போய்ச் சுட்டுவிட்டு வந்து வெடிக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தான். தோள் வீங்கியிருந்தது, பேச்சு குறைந்திருந்தது.

சுட்ட பிறகுதான் வேடிக்கை. இந்தப் பழைய தோட்டாவின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது எரிந்து உப்பாகக் குழலுக்குள் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். எண்ணெய் போட்டால் உப்புப் போகாது, வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். ஆகவே அன்று சாயங்காலம் பெரியவர் பிள்ளை பெற்றவளைக் கவனிக்கிற மாதிரி ரைஃபிளுக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எடுத்தது மனைவியின் டீ கெட்டில். அதைப் பற்றி அவர்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

மிச்சத் தோட்டாவை எதில் போடுவது என்ற கேள்வி வந்தது. வெட்டிய டின் கையைக் கிழிக்கும், ஈரமும் புகும். இறுக்கமாக மூடும் பாத்திரம் வேண்டும். தீபாவளிக்கு உங்கள் மருமகள் முறுக்கு வைத்து அந்த வீட்டுக்கு அனுப்பிய பெரிய எவர்சில்வர் சம்படம் இன்னும் திரும்பி வராமல் இருந்தது. இப்போது திரும்பி வராது. பெரியவருக்கு அதன் மூடி அவ்வளவு பிடித்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், அது எங்கள் கல்யாணத்துக்கு நீங்களும் அத்தையும் கொடுத்தது. விசாக்காரன் வீட்டுப் பாத்திரத்தில் தோட்டாவா என்று நான் பதறி ஓடிப் போய்ப் பார்த்தேன். என் பெயர் அதில் எங்கும் இல்லை. உங்கள் பெயர், இனிஷியல், கடையின் பெயர், ஊர், தேதி எல்லாம் நன்றாக ஆழமாக வெட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்