இழுபடும் இல்லம்: ஒரு லட்சம் டாலர் டிரெய்லர் தகுமா, தகாதா என்பது குறித்த ஓர் ஆராய்ச்சி

1. நோக்கமும் எல்லையும்

ஓய்வுபெறும் வயதை நெருங்கும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தைப் பீடிக்கும் ஐயங்கள் இரண்டு. முழங்கால் மூட்டை மாற்றலாமா என்பது ஒன்று. டிரெய்லர் வாங்கலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு மருத்துவ நூல்கள் மலிந்து கிடக்கின்றன. இரண்டாவதைத் தமிழாய்வு உலகம் இன்றுவரை தீண்டவில்லை. அப்பெருங்குறையை நீக்கும் பொருட்டு எழுந்ததே இக்கட்டுரை.

டிரெய்லர் என்று ஈண்டுச் சுட்டப்படுவது, பிக்கப் டிரக்கின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஏசி, கழிப்பறை எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் இல்லை. எஞ்சின் உள்ள மோட்டார் ஹோம் தனி இனம், தனி ஆய்வேட்டுக்கு உரியது. மலிவு டிரெய்லர்களையும் விலக்கியிருக்கிறோம். பழைய டிரெய்லரை ஐயாயிரம் டாலருக்கு வாங்கியவர் “தகுமா?” என்று யாரையும் கேட்பதில்லை, காசு ஏற ஏறத்தான் ஐயமும் ஏறும். எனவே வெள்ளி நிற அலுமினிய உடம்போடு பளபளக்கும் ஏர்ஸ்ட்ரீம் முதலான உயர்குடி டிரெய்லர்களே நமது ஆய்வுப் பொருள். அவற்றில் சிறியதே ஐம்பதாயிரம் டாலரை ஒட்டி வரும். பெரிய கிளாசிக் வகை இரண்டு லட்சத்தைத் தொட்டு நிற்கும்.

2. முன்னோர் மொழிந்தவை

ஏர்ஸ்ட்ரீமின் மூலவர் வாலி பையம். கூடாரமடித்துத் தரையில் படுக்க மாட்டேன் என்று மனைவி மறுத்துவிட, ஃபோர்டு மாடல் டி காரின் அடிச்சட்டத்தின் மேல் கூடாரத்தை ஏற்றினார், அதுவே தொடக்கம் என்கிறது தலபுராணம். 1931இல் நிறுவனம் பிறந்தது. 1936இல் வந்த ‘கிளிப்பர்’ டிரெய்லரின் விலை 1,200 டாலர். பெருமந்தத்தால் நாடு நொடிந்து கிடந்த காலம். அந்தக் காசுக்கு இரண்டு சாதாரணக் கார் வாங்கலாம். ஆக, “இவ்வளவு கொடுத்து இது தேவையா?” என்ற வினாவுக்கு டிரெய்லரின் வயதே ஆகிறது என்பது பெறப்படும்.

அடுத்த முன்னோடி ராஜர் பாப்சன். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியை முன்கூட்டிச் சொன்னவர் என்று பெயரெடுத்தவர். இன்னும் இருபதே ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் டிரெய்லரில் குடியிருப்பார்கள் என்று 1930களின் நடுவில் அவர் ஆரூடம் சொன்னார். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தால் அமெரிக்கர்கள் புறநகர்களில் புல்தரையோடு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். விழப்போவதைச் சரியாகச் சொன்னவருக்கு இழுபடப்போவதைச் சொல்ல வரவில்லை.

1954இல் வெளிவந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ திரைப்படத்தை இத்துறையின் முதல் விமர்சன நூலாகக் கொள்ளலாம். லூசில் பால் ஊர் ஊராகக் கற்களைப் பொறுக்கி டிரெய்லருக்குள் சேர்க்கிறார்; மலைப்பாதை ஏறும்போது அந்தப் பாரத்தில் டிரெய்லரும் மணவாழ்வும் சேர்ந்து சரியப் பார்க்கின்றன. இதன் பௌதிகம் பிழையற்றது. கற்களே வேண்டாம், தண்ணீர்த் தொட்டியில் 200 லிட்டர் நிரப்பினாலே 200 கிலோ ஏறிவிடுகிறது. டிரெய்லர் தாங்கக்கூடிய எடையில் அதன் சொந்த எடை போக மிஞ்சுவதற்குள்தான் தண்ணீர், பாத்திரம், துணிமணி எல்லாம் அடங்க வேண்டும். பிறகுதான் கல்.

ஆய்வுலகம் கவனிக்கத் தவறிய சான்று இன்னொன்று உண்டு. 1969 ஜூலையில் சந்திரனிலிருந்து திரும்பிய ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும், நிலாக் கிருமி ஏதும் ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில், ஹார்னெட் கப்பலிலேயே ஓர் ஏர்ஸ்ட்ரீமுக்குள் அடைத்தார்கள். சக்கரம் கழற்றி மாற்றியமைத்த டிரெய்லர் அது. கூட ஒரு மருத்துவரும் ஒரு பொறியாளரும். அதிபர் நிக்சன் சன்னலுக்கு வெளியே நின்று பேசினார். டிரெய்லரை இழுக்காமல், தவணை கட்டாமல், கழிவுத் தொட்டியைத் தாங்களே காலிசெய்யாமல் அதில் வாழ்ந்தவர்கள் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் இவர்கள்தாம். இவர்களைப் பின்பற்ற விரும்புவோர் முதலில் சந்திரனுக்குப் போய்வர வேண்டும்.

3. திணை ஆராய்ச்சி

எதையும் முதல், கரு, உரி எனப் பகுத்து நோக்குவது தமிழ் மரபு. டிரெய்லர் வாழ்வுக்கு அது பொருந்துமா என்று சோதித்தோம். அச்சப்படும் அளவுக்குப் பொருந்திற்று.

முதற்பொருளில் நிலம், எண் போட்ட சரளைத் தரையும் அதில் நட்ட மின்கம்பமும் ஒரு தண்ணீர்க் குழாயும். பெரும்பொழுது கோடை, சிறுபொழுது வெள்ளிக்கிழமை மாலை. கருப்பொருளில் தெய்வம், டீலர்: வாங்கும்வரை காட்சி தருவார், பழுதென்று வேண்டினால் மறைந்துவிடுவார். விலங்கு, கொட்டகையில் நிற்கும்போது உள்ளே புகுந்து வயரைக் கடிக்கும் எலி. பறை, பக்கத்து டிரெய்லரின் ஜெனரேட்டர். தொழில், ஏணி வைத்துக் கூரையேறி விரிசல்களுக்குப் பசை பூசுதல். உரிப்பொருள், பழுதாதலும் பழுதாதல் நிமித்தமும்.

பாலைக்குத் தனக்கென நிலம் இல்லை என்பது இலக்கணம். டிரெய்லருக்கும் இல்லை, ஆகலின் அது பாலையின்பாற்படும். குளிர்காலம் வந்ததும் வடமாநிலத்து முதியவர்கள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போய் அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்தில் குவிவது இம்முடிவுக்கு அரண் செய்கிறது. ஒரு வேறுபாடு: சங்கத் தலைவன் பொருளீட்டப் பாலை கடந்தான், இவர்கள் ஈட்டியதைக் கரைக்கக் கடக்கிறார்கள்.

4. ஓர் இரவின் அடக்கவிலை

இனி எண்கள். டிரெய்லரை ஒரு லட்சம் டாலருக்கு வாங்கிப் பத்தாண்டு வைத்திருந்து பாதி விலைக்கு விற்பதாகக் கொள்வோம். நல்ல பராமரிப்பும் நல்ல பெயரும் இருந்தால்தான் பாதியாவது தேறும். நட்டம் 50,000. காப்பீடு, நிறுத்திவைக்கும் வாடகை, பழுது, டயர் என ஆண்டுக்கு 4,000 என்று வைத்தால் பத்தாண்டுக்கு 40,000. டயர் என்றதும் “நான்தான் ஓட்டுவதே இல்லையே” என்று மகிழ வேண்டாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டில் அதை மாற்றச் சொல்வார்கள். வெயிலில் சும்மா நின்றே கிழடு தட்டிவிடும். ஆக மொத்தம் 90,000 டாலர்.

ஆண்டுக்கு இருபது இரவு தங்குகிறவருக்குப் பத்தாண்டில் 200 இரவு; இரவுக்கு 450 டாலர். முகாம் வாடகை 50 சேர்த்தால் 500. இந்தக் காசுக்கு, காலையில் படுக்கையை வேறொருவர் விரித்துவைக்கும் விடுதி கிடைக்கும். ஆண்டுக்கு நூறு இரவு தங்குகிறவருக்கு அதே 90,000 இரவுக்கு 90 ஆகிறது; முகாம் வாடகையோடு 140. நெடுஞ்சாலை ஓரத்து நடுத்தர விடுதிக் கட்டணம்தான்.

இது ரொக்கமாக வாங்கியவர் கணக்கு. 80,000 டாலரை 8 சதவீத வட்டியில் பதினைந்தாண்டுத் தவணைக்கு எடுத்தவர் மாதம் ஏறத்தாழ 765 டாலர் கட்டுவார். முடிவில் வட்டி மட்டும் 57,600 டாலர் போயிருக்கும். கொக்கியின் மறுமுனையை இன்னும் தொடவே இல்லை. மூன்று நான்கு டன் டிரெய்லரை வீட்டுக் கார் இழுக்காது; பிக்கப் டிரக் வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிக்கு அமெரிக்காவில் திருத்தம் தேவைப்படுகிறது: சுண்டைக்காய் ஒரு லட்சம், சுமைகூலி அறுபதாயிரம். அந்த டிரக்கும் டிரெய்லரை இழுக்கும்போது பெட்ரோலை இரு மடங்கு குடிக்கும்.

பெருந்தொற்றுக் காலத்தில் இக்கணக்கை யாரும் போடவில்லை. 2021இல் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து டிரெய்லரும் மோட்டார் ஹோமுமாக ஆறு லட்சம் வண்டிகள் வெளியேறின. பெரும்பகுதி இந்தியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் அவசர அவசரமாகச் செய்தவை. 2023இல் அந்த எண் 3,13,000 ஆகச் சுருங்கிற்று. இடைப்பட்ட இரண்டாண்டில் பலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று துணியலாம்.

5. களப்பணி

ஏட்டுக் கணக்கு மட்டும் போதாது என்பதால் முகாம்களில் நேர்நோக்கலும் மேற்கொள்ளப்பட்டது. முதற்காட்சி, டிரெய்லரைப் பின்னோக்கி இடத்தில் செலுத்துதல். டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். கையை ஸ்டீயரிங்கின் அடியில் வைத்துக்கொள், கை போகும் பக்கம் டிரெய்லர் போகும் என்பது குருமார் உபதேசம். கணவர் ஓட்டுகிறார், மனைவி பின்னால் நின்று இரண்டு கையாலும் சைகை காட்டுகிறார். “வா, வா” என்பதற்கும் “நில்லு” என்பதற்கும் அவர் காட்டும் சைகை ஒன்றே. கண்ணாடியில் அவர் தெரியும்போது டிரெய்லர் கோணுகிறது. டிரெய்லர் நேராகும்போது அவர் தெரிவதில்லை. அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலியை இந்தப் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். மேசையின் கால் நசுங்கும் ஓசையோடு முதலங்கம் முடிகிறது. அன்றிரவு அந்த டிரெய்லரில் யாரும் பேசிக்கொண்டதாகத் தரவு இல்லை.

இரண்டாம் காட்சி, புறப்படும் நாள் காலை. டிரெய்லருக்குத் தொட்டிகள் மூன்று: நல்ல தண்ணீர், குளித்துக் கழுவிய சாம்பல் நீர், கழிப்பறையின் கருநீர். கழிவு இறக்குமிடத்தில் வரிசை நிற்கிறது. முறை வந்ததும் கையுறை மாட்டி, சுருள்குழாயை ஒரு முனையில் டிரெய்லருக்கும் மறுமுனையில் தரைத் துளைக்கும் பொருத்தி, கருநீர்ப் பிடியை முதலில் இழுக்க வேண்டும். பிறகு சாம்பல் நீர், அது குழாயைக் கழுவிவிடும். முறை மாறினால் குழாயைக் கழுவும் வேலை உரிமையாளருக்கு. ஒன்றரை லட்சம் டாலர் சொத்துக்காரர் குனிந்து, மூச்சை அடக்கி, குழாய் ஆடாமல் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறார். விடுதிவாசியோ தண்ணீரை இழுத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுகிறார்.

6. எதிர்வாதமும் மறுப்பும்

“நினைத்தபோது நினைத்த இடத்துக்குப் போகலாமே” என்பது உரிமையாளர்களின் தலையாய வாதம். யோசெமிட்டியின் அப்பர் பைன்ஸ் முகாமில் இடம் வேண்டுமானால், ஐந்து மாதத்துக்கு முன்னால், 15ஆம் தேதி, பசிபிக் நேரம் காலை ஏழு மணிக்குக் கணினி முன் உட்கார வேண்டும். கிளேசியர் பூங்காவின் புகழ்பெற்ற மலைச்சாலையில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் சேர்ந்தே 21 அடி. டிரக்கே பத்தொன்பது அடிக்கு மேல். மிச்சம் இரண்டடிக்குள் அடங்கும் டிரெய்லரை எல்கார்ட் இன்னும் தயாரிக்கவில்லை.

“வரி மிச்சம்” என்பது அடுத்த வாதம். படுக்க, சமைக்க, கழிக்க வசதி இருந்தால் டிரெய்லரையும் வீடாகவே ஏற்கிறது அமெரிக்க வருமான வரித்துறை. இரண்டாம் வீட்டுக் கடன் வட்டிக்குரிய கழிவை உரிய நிபந்தனைகளோடு கோரலாம். கழிவு கிடைக்கிறதே என்று வட்டி கட்டுபவர் எத்தனை சதவீதம் மிச்சம் பிடிக்கிறார் என்பதை அவரே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

ஆயினும் ஒரு சாரார் முன் இவ்வாய்வு தலைவணங்குகிறது. வீட்டை விற்றுவிட்டு டிரெய்லரிலேயே முழுநேரமும் வாழ்பவர்கள் அவர்கள். ஓர் இரவு தங்கிய ரசீதைக் காட்டித் தெற்கு டகோட்டாவில் ஓட்டுநர் உரிமம் எடுக்கிறார்கள். அங்கே மாநில வருமான வரி கிடையாது. குவார்ட்சைட்டை ஒட்டிய அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதம் தங்க நெடுங்காலமாக 180 டாலர்தான் கட்டணம். சொத்து வரி இல்லை, புல் வெட்ட வேண்டியதில்லை, அக்கம்பக்கம் பிடிக்காவிட்டால் கொக்கியை மாட்டிக் கிளம்பிவிடலாம். இவர்களுக்கு டிரெய்லர் ஒரு செலவே அல்ல. வீட்டு வாடகைக்கு மாற்று. நாயையும், தன் தலையணையையும், தன் அடுப்பில் வைத்த சாதத்தையும் விட்டுப் பிரிய முடியாதவர்களும் ஏறத்தாழ இந்த வகுப்பில் சேர்வார்கள்.

மற்றவர்கள் வாங்குவது இரவுகளை அல்ல என்பதே எமது கண்டுபிடிப்பு. வாசலில் அல்லது வாடகைக் கொட்டகையில் நிற்கும் அந்த வெள்ளிப் பெட்டியைப் பார்த்து, “அடுத்த வாரமே கிளம்பலாம்” என்று ஒவ்வொரு வாரமும் சொல்லும் உரிமையை வாங்குகிறார்கள். ஆறுதலுக்கு விலை போடக்கூடாது என்பார் உண்டு. ஆனால் டீலர் போட்டிருக்கிறார்.

7. முடிவு

ஆண்டுக்கு நூறு இரவுக்கு மேல் அதில் உறங்கப் போகிறவருக்கு விலையுயர்ந்த டிரெய்லர் தகும். இருபது இரவுக்காரருக்குத் தகாது. நடுவில் நிற்பவர்கள், சென்ற ஆண்டு வீட்டுக்கு வெளியே எத்தனை இரவு தூங்கினோம் என்று நாட்காட்டியைப் பார்த்து எண்ணட்டும். வரும் ஆண்டுக் கனவை எண்ண வேண்டாம்.

அதற்குப் பிறகும் ஆசை அடங்காத வாசகருக்கு: முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். மழைக்காலமாகப் பார்த்து எடுங்கள். கருநீர்ப் பிடியை உங்கள் கையாலேயே இழுங்கள். அப்புறமும் வேண்டும் என்று தோன்றினால், மூன்று நான்கு வயதான டிரெய்லரை வாங்குங்கள். புதிதின் விலைச் சரிவை முதல் உரிமையாளர் ஏற்கெனவே கட்டியிருப்பார்; ஒழுகும் இடங்களையும் கண்டுபிடித்து வைத்திருப்பார்.