லாட் சாயபு வீட்டுச் சோபா: சீர்வரிசை நோக்கில் ஓர் ஆய்வு

கட்டில், பீரோ, பித்தளை அண்டா இவற்றையெல்லாம் யார் போடுவது என்பதில் கொங்கு நாட்டில் ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. பெண் வீட்டார் போடுவார்கள், மாப்பிள்ளை உட்காருவார். ஆனால் லாட் சாயபு என்று ஊரார் சொன்ன கவர்னரின் மாளிகைக்கு மேசை நாற்காலி போட்டது யார் என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் தூணை அளக்கிறார்கள், தோட்டத்தைப் புகழ்கிறார்கள், சோபா வந்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். இக்குறையைத் தீர்க்க எழுந்ததே இவ்வாய்வு. கருதுகோள் எளிது: கவர்னர் என்பவர் மாப்பிள்ளை, ஜில்லாக்காரர்கள் மாமனார். ஆய்வுப் பரப்பு: மேட்டுப்பாளையமும் அதற்கு மேலுள்ள மலையும்.

முதலில் விதிவிலக்கைப் பார்த்துவிடுவோம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், ஊட்டியில் தோடர்களிடம் நிலம் வாங்கி 1822-23 வாக்கில் தமக்கென ஒரு கல் வீடு கட்டினார். கல் பங்களா என்று ஊரார் அழைத்த அந்த இடத்தில் இன்று அரசு கலைக் கல்லூரி நடக்கிறது. வீடு அவருடையது, நாற்காலியும் அவருடையது. 1826-ல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ மலையேறி வந்தபோது அங்கேதான் தங்கினார். அதாவது நீலகிரியில் கவர்னரின் முதல் இருக்கை ஓசி இருக்கை. இதை ஆய்வாளர் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாகத் தீர்வை வசூலிக்கும் ரயத்துவாரி முறையை ஊன்றியவர் அதே மன்றோ என்பதை மட்டும் குறித்துக்கொள்க. தாம் விருந்தாளியாக உட்கார்ந்து எழுந்தாலும், பின்னால் வந்தவர்களின் சோபாவுக்கு வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனி, மெய்யான மாப்பிள்ளை.

இங்கிலாந்தில் ஸ்டோவ் என்றொரு அரண்மனை. சொந்தக்காரர் பக்கிங்காம் பட்டத்தின் இரண்டாம் கோமகன். 1845-ல் விக்டோரியா ராணி விருந்துக்கு வருகிறார் என்றதும் கடன்பட்டு வீட்டை இழைத்தார். மூன்றே ஆண்டில் திவால். 1848-ல் கிறிஸ்டீஸ் ஏலக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்து 40 நாள் ஏலம் விட்டார்கள். ஷேக்ஸ்பியரின் உருவப்படம் ஒன்று 355 கினிக்குப் போனது. நாற்காலி, கட்டில், கரண்டி எதுவும் தப்பவில்லை. (அதே 1848-ல்தான் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்க மெக்ஐவர் வந்து சேர்ந்தார். ஆய்வுலகில் தற்செயல் என்று ஒன்று கிடையாது.) இந்தக் கூத்தையெல்லாம் பார்த்த மகன் மூன்றாம் கோமகன் ஆனார், 1875-ல் சென்னை கவர்னராக வந்திறங்கினார். அதே பூங்காவுக்கு மேலே ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். அப்பன் சொந்தக் கடனில் வீடு அலங்கரித்துக் கெட்டவர். மகன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. செலவு மராமத்து இலாகா கணக்கில்.

காலத்தைக் கவனிக்க வேண்டும். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். கோவையும் சேலமும் கடுமையாக அடிபட்ட ஜில்லாக்கள். கிணறு வறண்டு, கவலை இறைக்க மாடும் இல்லை, தண்ணீரும் இல்லை. 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நிவாரணக் கூலி, நாளெல்லாம் வேலை செய்யும் ஆணுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். இது மனிதன் உயிர் தரிக்கப் போதாது என்று சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் சண்டை பிடித்தார். நாற்காலிக்கு எத்தனை மெத்தை வேண்டும் என்பதில் யாரும் சண்டை பிடித்ததாக ஆய்வாளர் கண்ணில் படவில்லை.

சரக்கு ஏறிய வழியும் நமக்கு முக்கியம். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் 1873-லேயே வந்துவிட்டது. மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ல், ஊட்டியை 1908-ல். இடைப்பட்ட காலத்தில் கல்லாறு, பர்லியாறு வளைவுகளில் எல்லாச் சாமானும் மாட்டு வண்டியில்தான் போயாக வேண்டும். சீர் சுமப்பதும் மாமனார் பொறுப்பே என்பது இங்கே ஐயமற நிறுவப்படுகிறது.

நீலகிரி 1868-லேயே கோவையிலிருந்து பிரிந்துவிட்டதே, கோவைக்காரன் எப்படி மாமனார் ஆவான் என்று சில புலவர்கள் மறுக்கக்கூடும். பிரிந்தது ஜில்லா எல்லை. தீர்வை போய்ச் சேர்ந்தது ஒரே சென்னைக் கஜானா. கோமகன் பதில் மொய் வைத்தாரே என்பது இன்னொரு வாதம். வைத்தார். பஞ்சக் கூலிகளைக் கொண்டு சென்னையில் வெட்டிய பக்கிங்காம் கால்வாய்தான் அது. அதில் ஒரு சொட்டு நீர்கூடக் கோவை ஜில்லாவின் அன்னூர்ப் பக்கம் ஏறவில்லை.

அன்னூர் என்றதும் நினைவு வருகிறது. அங்கே ஒரு பெரியவரிடம் இக்கருதுகோளை எடுத்துரைத்தேன். சோளத்தட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “நம்ம மாப்பிள்ளைக்கு ஒருக்கா சீர் போட்டா முடிஞ்சுதுங்க. இவிங்க வீட்ல அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாப்பிள்ளையே மாறுதுங்களே?” கருதுகோளில் இதுவரை விழுந்த ஒரே ஓட்டை இதுதான். ஆய்வாளர் அதை அடைக்க முயலவில்லை.

சட்டமும் மாமனாருக்கு எதிராகவே இருந்துவந்திருக்கிறது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் சென்னை கவர்னருக்கு ஆண்டுச் சம்பளம் ரூ.1,20,000 என்று எழுதியது. கவர்னர் செலவு மாகாண வருவாயின் மேல் நேராகச் சுமத்தப்பட்டது. சட்டசபையில் வாக்கெடுப்பும் கிடையாது, விவாதிக்கவும் கூடாது. சுதந்திரம் வந்தது. அரசியலமைப்பின் 158-ஆம் பிரிவு ஆளுநருக்கு வாடகையில்லா வீடு கொடுத்தது. 202-ஆம் பிரிவு அவர் செலவை மாநிலத் தொகுநிதியில் ஏற்றியது. அதை வாக்கெடுப்புக்கு விடவேண்டியதில்லை என்று 203 சொல்கிறது. ஆனால் விவாதிக்கத் தடையில்லை. ஆக, 1950-க்குப் பிறகு மாமனார் பந்தலில் வாய் திறந்து பேசலாம். சீர் மட்டும் குறையாது.

இனி ஆராய வேண்டியது ஒன்று பாக்கி. சீசன் முடிந்து மாளிகை பூட்டிக் கிடக்கும் மழை மாதங்களில் அந்தச் சோபா உறைகளில் ஊட்டிக் குளிருக்குப் பூஞ்சணம் பூக்கும். அதைத் துவைத்துக் காயப்போடுகிறவரின் கூலி எந்தத் தலைப்பில் வருகிறது? அடுத்த கட்டுரைக்கு நல்கை கிடைத்தால் தேடிப் பார்க்கலாம்.