எலியாருக்குப் பொன்னாடை

அவைத் தலைவர் அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்ட முதல்வர் அவர்களே, தரவரிசைப் பட்டியலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கும் கல்லூரித் தாளாளர்களே, வருகைப் பதிவுக்காக உட்காரவைக்கப்பட்டிருக்கும் உதவிப் பேராசிரியர்களே, விழா நாயகர் எலியார் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எலியாரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் பின்வரிசையில் பலர் செல்போனில் மூழ்கியிருப்பதால் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரி 13 அன்று, சுவிட்சர்லாந்தின் ஃபிரான்டியர்ஸ் பதிப்பகம் நடத்தும் உயிரணு ஆய்விதழ் ஒன்றில் இவர் அவதரித்தார். சீனாவின் சியான் நகரத்து ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை அது. பொருள், விந்தணுவை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். படம் வரைந்தது மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவு. அதைக் கட்டுரையிலேயே ஒளிக்காமல் எழுதியும் இருந்தார்கள். படத்தில் எலியார் பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஆணுறுப்பு அவரைவிட உயரம். அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார், பாவம், அவருக்கே நம்ப முடியவில்லை. சுற்றிலும் அம்புக்குறி போட்டு உறுப்புகளின் பெயர்கள்: ‘டெஸ்டொம்செல்ஸ்’, ‘டிசில்செட்’. எந்த மொழியின் அகராதியிலும் இல்லாத பெயர்கள்.

இதழாசிரியர் பார்த்தார். மதிப்பீட்டாளர்கள் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் படங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருந்தாராம். எழுதியவர்கள் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. கட்டுரை அப்படியே அச்சேறியது. இன்னொருவரைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, அறிவியலைப் பார்ப்பதுதான் என் வேலை, படம் பதிப்பகத்தின் பொறுப்பு என்ற பொருளில் பதில் சொன்னார். உலகமே சிரித்த பிறகு, மூன்றாம் நாள் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள்.

இதற்கா பொன்னாடை என்று கேட்கிறீர்கள். இதற்குத்தான். ஆய்வுக் கட்டுரை என்பது யாரோ படிப்பதற்காக எழுதப்படுகிறது என்ற மூடநம்பிக்கை இந்த நாட்டில் வெகுகாலமாக இருந்துவந்தது. எலியார் ஒரே ஒரு படத்தில் அதை ஒழித்துவிட்டார். கட்டுரை எண்ணுவதற்காக எழுதப்படுவது. பத்திரப்பதிவு அலுவலகத்தில்கூடக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். இங்கே அதுவும் இல்லை.

நம் ஊர் உதவிப் பேராசிரியரிடம் ‘என்ன கண்டுபிடித்தீர்கள்?’ என்று யாரும் கேட்பதில்லை. ‘எத்தனை ஸ்கோபஸ் இருக்கு?’ என்றுதான், அதாவது ஸ்கோபஸ் பட்டியலில் ஏறிய கட்டுரை எத்தனை என்றுதான் கேட்கிறார்கள். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை, தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வந்தால் எண்ணிக்கை, என்.ஐ.ஆர்.எஃப். என்ற தேசியத் தரவரிசைக்கு எண்ணிக்கை. அவருக்கு வாரம் முழுக்க வகுப்பு. விடைத்தாள் திருத்தும் வேலை. மே மாதமானால் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்கும் வேலை. இதற்கு நடுவே, உருப்படியான கருவி ஒன்றுகூட இல்லாத கல்லூரியில், அவர் வருஷத்துக்கு இத்தனை பேப்பர் போட்டாக வேண்டும். போடாவிட்டால் இன்கிரிமென்ட் கிடையாது. அவருடைய வாட்ஸ்அப்பில் தரகர் வந்து உட்காராமல் வேறு யார் உட்காருவார்? கட்டுரை தயார், இதழின் ஒப்புதலும் தயார், உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. முதல் பெயருக்கு ஒரு விலை, நான்காம் பெயருக்கு ஒரு விலை.

2024-ல் ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தியது நினைவிருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருந்ததாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். ஆளில்லாமலே ஆசிரியர் இருக்கலாம் என்றால், ஆய்வில்லாமலே கட்டுரை இருப்பதில் என்ன குறை?

சென்னையில் ஒரு தனியார் பல் மருத்துவக் கல்லூரி இதை இன்னும் ஒழுங்காகச் செய்தது என்று 2023-ல் சயின்ஸ் இதழ் விரிவாக எழுதியது. இளநிலை மாணவர்கள் தேர்வறையில் உட்கார்ந்து, தேர்வாகவே ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அவை செப்பனிடப்பட்டு அச்சுக்குப் போகும். போகிற போக்கில் அதே கல்லூரியின் பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்டிக்கொண்டே போகும். மேற்கோள் மலையாகக் குவிந்தது. தேசியத் தரவரிசையில் பல் மருத்துவத்தில் முதலிடமும் வந்தது. பாரதத்தின் பற்களைப் பற்றி இனிக் கவலை இல்லை.

அரசு சும்மா இருக்குமா? 2025 முதல், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்குத் தரவரிசையில் மதிப்பெண் குறைப்பு என்று அறிவித்துவிட்டது. பிடிபட்ட பொய்க்கு மதிப்பெண் குறையும், பிடிபடாத பொய்க்கு மதிப்பெண் ஏறும். தரகர்கள் இதைப் படித்துப் பயந்துபோய்த் தொழிலை விட்டுவிட்டதாகத் தகவல் இல்லை.

எலியாருக்கு இடப்பக்கம் காலியாக இருக்கும் நாற்காலி, ஆய்விதழ்கள் நடத்திய ஹிண்டாவி நிறுவனத்துக்குப் போட்டது. அமெரிக்காவின் வைலி பதிப்பகம் 2021-ல் அதை 29.8 கோடி டாலருக்கு வாங்கியது. 2023 என்ற ஒரே ஆண்டில் ஹிண்டாவி இதழ்கள் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. பெரும்பாலும் காசுக்குக் கட்டுரை செய்து தரும் ஆலைகளின் சரக்கு அது. அடுத்தவர் கட்டுரையைத் திருடி, பிடிபடாமலிருக்க மென்பொருளை விட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடுவது இந்த ஆலைகளின் கைத்தொழில். பிரான்சின் கணினி அறிவியலாளர் கியோம் கபனாக்கும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் தோண்டியெடுத்தபோது, மார்பகப் புற்றுநோய் கிட்டத்தட்ட ‘நெஞ்சக அபாயம்’ என்பதுபோல ஆகியிருந்தது. வைலி என்ன தண்டனை கொடுத்தது தெரியுமா? ஹிண்டாவி என்ற பெயரைக் கைவிட்டது. அதனால்தான் நாற்காலி காலி.

வலப்பக்கம் உளவியல் துறை. முதலில் நெதர்லாந்தின் டீடெரிக் ஸ்டாபெல். ரயில் நிலையம் குப்பையாகக் கிடந்தால் அங்கே நிற்பவர்களுக்கு அடுத்த இனத்தார்மேல் வெறுப்புக் கூடுகிறது என்று 2011-ல் சயின்ஸ் இதழில் எழுதியவர். ரயில் நிலையத்தில் ஆய்வு எதுவும் நடக்கவில்லை; எண்களை அவரே போட்டுக்கொண்டார். ஐம்பத்தெட்டுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவருக்குப் பக்கத்தில் இருப்பது நேர்மை பற்றிய ஆய்வு. படிவத்தின் அடியில் போடும் கையெழுத்தை மேலே போடச் சொன்னால் மனிதர்கள் பொய் சொல்வது குறையும் என்று 2012-ல் சொன்ன புகழ்பெற்ற கட்டுரை. அதிலிருந்த கார் காப்பீட்டுத் தரவு இட்டுக்கட்டியது என்று 2021-ல், ஆய்வுத் தரவுகளைச் சோதிக்கும் டேட்டா கொலாடா தளம் காட்டியது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2023-ல் அதே தளம், அதே கட்டுரையின் வேறொரு பரிசோதனையிலும் வேறொருவர் கைவரிசை இருக்கிறது என்று எழுதியது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவரான பேராசிரியையின் நிரந்தரப் பணியை ஹார்வர்டு 2025-ல் பறித்தது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். தளத்தார் சொல்வது சரியென்றால், நேர்மையை ஆராய்ந்த ஒரே கட்டுரைக்குள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் திருடியிருக்கிறார்கள். அண்டை வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

கறுப்புக் கரண்டி ஆய்வாளர்களை மேடைக்கு அழைக்கவில்லை, கீழே உட்காரவைத்திருக்கிறோம். கீமோஸ்ஃபியர் இதழில் 2024-ல் வந்த ஆய்வு. கறுப்பு பிளாஸ்டிக் கரண்டியிலிருந்து தீத்தடுப்பு ரசாயனம் நாளுக்கு 34,700 நானோகிராம் உடம்புக்குள் போகக்கூடும், அறுபது கிலோ மனிதருக்கு வரம்பு 42,000, ஆக ஆபத்து வாசற்படியில் நிற்கிறது என்றது. பத்திரிகைகள் அலறின. கரண்டிகள் குப்பைத்தொட்டிக்குப் போயின. கனடாவின் மெகில் பல்கலைக்கழகத்து ஜோ ஷ்வார்ஸ் ஒரு பெருக்கல் போட்டுப் பார்த்தார். கிலோவுக்கு 7,000 என்றால் அறுபது கிலோவுக்கு 4,20,000. ஒரு பூஜ்ஜியம் காணோம். எழுதியவர்கள் தவறை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். முடிவு மட்டும் மாறாது என்றார்கள். போகட்டும், இது மோசடியல்ல, கைத்தவறு. அச்சாகும் முன்னால் அதை மதிப்பிட்டவர்கள் வேண்டுமானால் மேலே வரலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு அது.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. ‘சாப்பாடு ஆறுகிறது, சுருக்கவும்.’ சுருக்குகிறேன். ஆனால் இன்னொருவர் இருக்கிறார். அவரைச் சுருக்க முடியாது.

யோவாகிம் போல்ட். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் மருத்துவமனையில் மயக்கவியல் துறைக்குத் தலைவராக இருந்தவர். ரத்தம் இழந்த நோயாளிக்கு நரம்பு வழியே ஏற்றும் ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்ற திரவம் பாதுகாப்பானது என்று கட்டுரைமேல் கட்டுரையாக எழுதித் தள்ளியவர். 2009-ல் வந்த ஒரு கட்டுரையின் எண்கள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றனவே என்று வாசகர்கள் இதழுக்கு எழுதினார்கள். விசாரித்தால், அந்த ஆய்வு நடந்ததற்கே சான்றில்லை. வேலை போயிற்று. இதுவரை இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன.

2013-ல் கனடா ஆய்வாளர்கள் ஜாமா இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு இந்தத் திரவத்தை ஏற்றிய சோதனைகளையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், சாவு கூடுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போல்டின் ஏழு சோதனைகளை மட்டும் விலக்கிவிட்டுப் பார்த்தால், சாவு கூடுகிறது. சிறுநீரகமும் கெடுகிறது.

எலியாரை வைத்துச் சிரித்தது போதும். இதைக் கேளுங்கள். உள்ளே ஒருவர் படுத்திருக்கிறார். வெளியே நாற்காலியில் அவருடைய மனைவி, கையில் மருந்துச் சீட்டோடு. டாக்டர் நல்லவர், அக்கறையானவர், ஆய்விதழ்களைப் படிப்பவர். படித்ததுதான் வினை. அவர் படித்ததை நம்பி அந்தப் பாட்டிலை மாட்டுகிறார். அதனால் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்காவது தெரியுமா? யாருக்கும் தெரியாது. அவர்களுடைய இறப்புச் சான்றிதழில் நோயின் பெயர்தான் இருக்கும். பேராசிரியரின் பெயர் இருக்காது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டீர்கள், ‘வருந்துகிறோம்’ என்று ஒரு பத்தி போட்டீர்கள். நரம்புக்குள் போனதை எந்த இதழ் திரும்பப் பெறும்? இந்த லட்சணத்தில், தாளாளர் அவர்களே, நேற்று ஆசிரியர் கூட்டத்தில் ‘ஆராய்ச்சி என்றால் என்னங்க பெரிய ஆராய்ச்சி, ஆளுக்கு ரெண்டு பேப்பர் போடுங்க’ என்றீர்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

பொய்யைப் பிடித்தவர்கள் யாரும் மேடையில் இல்லை, கவனித்தீர்களா? ஸ்டாபெலைக் காட்டிக்கொடுத்தவர்கள் அவருடைய துறையிலேயே இருந்த மூன்று இளம் ஆய்வாளர்கள். பெரிய மனிதர்கள் விருது கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் எண்களை உட்கார்ந்து படித்தார்கள். நம் ஊரில் ஓர் ஆய்வு மாணவி அப்படிப் படித்துவிட்டு ‘இந்த எண் எப்படி வந்தது சார்?’ என்று கைடிடம் கேட்டுப் பார்க்கட்டும். அடுத்த ஆறு மாதத்துக்குக் கைடுக்குக் கையெழுத்துப் போட நேரமே கிடைக்காது. அவளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, காகிதத்தில். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், அதாவது நூறு ரூபாயில் அறுபத்து நான்கு காசு. அந்தக் காசும் நேரத்துக்கு வராது. 2025-ல் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையில் இருந்த ஆய்வாளர்கள் பலர் மாதக்கணக்கில் பணம் வராமல் வாடகைக்குக் கடன் வாங்கினார்கள்.

கடைசியாகப் பதிப்பகத்தார். இந்த ஏற்பாட்டை ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் ருசிக்கும். ஆய்வுக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசு. அதாவது தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டும் நாம். எழுதுபவருக்குப் பதிப்பகம் காசு தராது. மதிப்பிடுபவருக்கும் தராது. கட்டுரையை எல்லோரும் படிக்கும்படி திறந்துவைக்க வேண்டுமா? எழுதியவர் பக்கம் கட்டணம் கட்ட வேண்டும். நேச்சர் இதழ் 2021-ல் அதற்கு 9,500 யூரோ விலை வைத்தது. பூட்டிவைத்தால் படிப்பவர் கட்ட வேண்டும். எல்செவியரை வைத்திருக்கும் ரெல்எக்ஸ் நிறுவனத்தின் அறிவியல் பிரிவு, 2023-ல் நூறு ரூபாய் வரவில் முப்பத்தெட்டு ரூபாயை லாபமாக எடுத்தது. அடுத்த ஆண்டே எல்செவியர் இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, ‘நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஒரு முன்னுரை இதோ’ என்கிற சாட்பாட்டின் பணிவோடு தொடங்கியது. முப்பத்தெட்டு ரூபாய் லாபத்தில், முதல் வரியைப் படிக்க ஓர் ஆளை வைக்கக் கட்டுப்படியாகவில்லை போலும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முப்பது பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். திண்டுக்கல்லிலும் தர்மபுரியிலும் அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இதழ் கிடைப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் எல்செவியர் இருக்கிறது, வைலியும் இருக்கிறது. எண்ணாயிரம் கட்டுரைகளைத் திரும்பப் பெற்ற வைலி, அதற்கு வாங்கிய பணத்தையும் நமக்குத் திருப்பித் தருமா என்று பேரம் பேசியவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

பதிப்பகத்தார் இன்று விழாவுக்கு வரவில்லை. வாழ்த்துச் செய்தியும் அனுப்பவில்லை. அவர்கள் அனுப்புவது பில் மட்டும்தான். அதில் ஒரு மாத நிலுவையாவது விழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.