காலில் பூட்ஸ், வாயில் பாட்டு

கே: ஆப்பிரிக்க நடனம் என்றாலே மேளம்தானே? (கும்பகோணம்)

ப: மேளமே இல்லாததும் உண்டு. பிழைப்புக்காக ஊரைவிட்டு ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கங்களுக்கு வந்தவர்கள், தண்ணீர் தேங்கிய சுரங்கத்தில் போட்டுக்கொண்ட ரப்பர் பூட்ஸையே தட்டித் தாளமாக்கினார்கள். தண்ணீரை இறைப்பதைவிட பூட்ஸ் மலிவு என்று முதலாளி கணக்குப் போட்டார் என்பார்கள். பெயர், கம்பூட் நடனம்.

கே: அவர்கள் பாடவில்லையா? (நாகர்கோவில்)

ப: பாடாமலா! ஜூலு தொழிலாளர்களின் ஆண்கள் விடுதிகளில் வளர்ந்ததுதான் இசிகாத்தமியா. வாத்தியம் கிடையாது. நுனிக்காலில் மெல்ல அடியெடுத்து வைத்துப் பாடுவார்கள், காவலாளியை எழுப்பக்கூடாதே! ஜோசப் ஷபலாலா தன் குழுவுக்கு 'லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ' என்று பெயர் வைத்தார். நம் வித்வான்கள் செய்வதுபோல, சொந்த ஊர்ப் பெயர் முன்னால். 1986இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் 'கிரேஸ்லாண்ட்' ஆல்பத்தில் பாடி உலகம் சுற்றினார்கள்.

கே: எல்லாம் பழங்கதை. இன்றைக்கு? (திருப்பூர்)

ப: நடனக் கலைஞர் கிரகரி மகோமா இருக்கிறாரே. 1973இல் சோவெட்டோவில் பிறந்தவர். விடுதித் தொழிலாளர்கள் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர். இசையமைப்பாளர் துதுக்கா சிபிசியோடு அவர் உருவாக்கிய 'ப்ரோக்கன் கார்ட்' என்ற மேடைப் படைப்பு ஒரு பழைய பயணத்தைத் தோண்டுகிறது. 1891இல் பிரிட்டனுக்குப் போன ஆப்பிரிக்கப் பாடகர் குழு, விக்டோரியா மகாராணி முன் பாடியது. மிஷன் பள்ளியில் படித்து, கோட்டும் கவுனும் போட்டுப் பழகியவர்கள். ஆனாலும் கச்சேரியின் ஒரு பாதியில் விலங்குத்தோல் உடுத்த வேண்டும்; சீமான்கள் காசு கொடுத்தது அதைப் பார்க்கத்தான். இந்தப் படைப்பில் மகோமா என்ன செய்கிறார் தெரியுமா? போகிற ஊரின் பாடகர் குழுவையே மேடையேற்றித் தன் நான்கு பாடகர்களுக்கு எதிரே நிறுத்துகிறார். உள்ளூர்க்குரல் மொத்தமாக எழும்போது, வந்தவர் குரல் அதற்குள் இடம் தேடி முட்டுகிறது. நடுவே மகோமாவின் உடம்பு. குடியேற்ற அலுவலக வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

கே: மகாராணி முன் பாடியவர்கள் பணக்காரர் ஆகியிருப்பார்களே? (சேலம்)

ப: சம்பளத் தகராறுதான் மிச்சம். அந்தக் குழுவில் பாடிய சார்லட் மான்யே பிறகு இன்னொரு பாடகர் குழுவோடு அமெரிக்கா போனார். அதுவும் நடுவழியில் நின்றது. அவர் அங்கேயே வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பட்டம் பெற்ற முதல் தென்னாப்பிரிக்கக் கருப்பினப் பெண் ஆனார்.

கே: ஊரைவிட்டவன் துயரத்தை டிக்கெட் போட்டு விற்கலாமா? (மதுரை)

ப: விற்கலாம். 1891இல் கல்லாவில் யார் உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் பாருங்கள்.

கே: வயது 60. இதெல்லாம் கற்க முடியுமா? (காரைக்குடி)

ப: செனகலில் தூபாப் தியாலாவ் என்ற கடலோரக் கிராமத்தில் ஜெர்மேன் அக்கோனியின் நடனப் பள்ளி இருக்கிறது. பெனினில் பிறந்து செனகலில் வளர்ந்த அவர், எழுபது தாண்டியும் மேடையில் ஆடியவர். பாஸ்போர்ட்டோடு முழங்கால் தைலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.