பாட்டாவுக்குப் பதினாலு இலக்கம்

மக்களே, கழக்கூட்டத்துல கண்ணாடிக் கட்டடத்துல ஏசியில இருந்துக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஆப் செய்யுதியாமே. நல்ல காரியம். 1956ல கோடு போட்டு நம்ம கன்னியாகுமரிப் பக்கத்தத் தமிழ்நாட்டோட சேத்தாச்சு. ஆனா நெஞ்சு வலிச்சா களியக்காவிளையில வண்டி தானா திருவனந்தபுரத்துக்குத்தான் திரும்பும். மெடிக்கல் காலேஜு, இருதயத்துக்கு ஸ்ரீசித்திரா, கேன்சருக்கு ஆர்.சி.சி. எல்லாம் அங்கதான. அதனால ரெண்டு வார்த்த சொல்ல எனக்கும் பாத்தியத உண்டு.

2017ல கேரளத்துல இ-ஹெல்த் வந்துது, திருவனந்தபுரம்தான் முதல்ல. ஒரு நம்பர் போதும், எந்த சர்க்கார் ஆசுபத்திரிக்குப் போனாலும் உன் சீக்குக் கத கம்ப்யூட்டர்ல இருக்கும்னாவ. எக்ஸ்ரேயும் ரத்தச் சீட்டும் சொமந்த என் மஞ்சப்பைக்கு விடுதலன்னு நெனச்சேன். இன்னும் அது பரணுல ஏறல்ல.

ஒரு ஆசுபத்திரி, பேரு வேண்டாம். டாக்டர் திரையையே பாத்துக்கிட்டு, "சுகர் இருக்கா?"ன்னாரு. நம்ம மூஞ்சி அதுல தெரியுதோன்னு நானும் எட்டிப் பாத்து, திரைகிட்டயே "உண்டு"ன்னேன். ரெண்டு பேருமா அதுக்கு நல்ல மரியாத குடுத்தோம்.

நம்ம பக்கத்துல 2021ல மக்களைத் தேடி மருத்துவம் வந்துது. ஒரு பொண்ணு வீட்டுக்கே வந்து பிரசர் மாத்திர தாறா. அந்தப் பக்கத்து டாக்டரும் எழுதித் தாறாரு. ஒரே மருந்து, பேரும் நெறமும்தான் வேற. உன் பாட்டி ரெண்டையும் முழுங்கிட்டு முத்தத்துல தலசுத்தி உக்காந்துட்டா. கண்டுபிடிச்சது எந்த ஆப்பும் இல்ல, மருந்துக்கடைப் பையன்.

இதுக்குத்தான் டெல்லிக்காரன் ஆபான்னு பதினாலு இலக்கம் குடுத்திருக்கானாம், மாநிலம் தாண்டியும் நம்ம சீட்டு கூடவே வரட்டும்னு. நம்ம சம்மதம் இல்லாம யாருக்கும் காட்டாதாம். அந்த சம்மதம் ஓடிபியா போனுக்கு வரும். போனு உன் மாமன் கையில. மாமன் துபாயில. 1990ல ஸ்ரீசித்திராவுல செஞ்ச வால்வை முதமுதலா ஒரு மனுசன் நெஞ்சுல வச்சாவளே, அது யாருகிட்டயும் ஓடிபி கேட்டதா நான் கேள்விப்படல்ல.

கேரளத்துல ஷைலின்னு இன்னொரு ஆப். ஆஷான்னு சொல்லுத சுகாதாரப் பணிக்காரப் பொண்ணுவ வீடு வீடா ஏறி, முப்பது தாண்டினவங்களுக்கு சுகர், பிரசர் உண்டான்னு கேட்டு அதுல ஏத்துவாவ. அந்த ஆஷாமாருதான் 2025 பிப்ரவரியில இருந்து செக்ரட்டேரியட் வாசல்ல வெயிலு மழன்னு பாக்காம மாசக்கணக்காக் கெடந்தாவ, மாசம் 7,000 ரூவாய 21,000 ஆக்குன்னு. ஆப் கேட்டா உடனே அப்டேட்டு. ஆஷா கேட்டா சர்வர் டவுனு.

உன் ஆப்புல ரெண்டு கேள்வி சேரு: எங்கெங்க மருந்து வாங்குதீய? வீட்டுல எடுத்துத் தாறது யாரு? எழுத்து பெரிசாப் போடு, தமிழ்லயும் போடு. ஞாயித்துக்கெழம கொண்டு வா, பாட்டி கையில குடுத்துப் பாப்போம். 'சம்மதிக்கிறேன்'ங்கிற பொத்தான மட்டும் அவ அமுக்குவான்னு நெனக்காத. அறுவது வருசமா எனக்கே இன்னும் சம்மதம் சொல்லல்ல.