பழைய சாகாவின் ஏர்கோன்: நூற்பாவும் உரையும்

1025-இல் கடாரத்தின், அதாவது இன்றைய கெடாவின், மீது படையெடுத்த ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி யானைகளையும் தோரணத்தையும் சொல்கிறது. வெயிலைப் பற்றி மூச்சு விடவில்லை. பிப்ரவரி மாதத்தில் பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு ஏர்கோன் ஓடாத காரில் போயிருந்தால் ஒரு வரியாவது சேர்த்திருப்பான். பூஜாங் பள்ளத்தாக்கின் இடிபாடுகளை அளந்த அறிஞர்கள் பலர். 1985-இல் பிறந்து, இன்றும் தோட்டத்துச் செம்மண் சடக்கில் அங்கங்கே தென்படும் புரோட்டோன் சாகாவின் ஏர்கோனுக்கு மட்டும் உரையாசிரியர் வாய்க்கவில்லை. அக்குறை இங்கே நீங்குகிறது.

நூற்பா:
*ஒழுக்கு இன்றிக் கேஸ் குறைதல் இல்லை.*

என் நுதலிற்றோ எனின், கேஸ் மதத்தை மறுத்தல் நுதலிற்று. கெடாவில் பெருவழக்கான இம்மதத்தார், பெட்ரோல் தீர்வது போலவே கேஸும் தீரும், தீபாவளிக்குத் தீபாவளி நிரப்பினால் போதும் என்பர். பொருந்தாது. கேஸ் எரிவதில்லை. கம்ப்ரஸர் அழுத்த, காண்டென்சரில் சூட்டை இறக்கிவிட்டுத் திரவமாகி, எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு வாய்க்குள் நுழைந்து, கூலிங் காயிலில் ஆவியாகும்போது காருக்குள் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு கம்ப்ரஸருக்கே திரும்பும். குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை.

"போன தீபாவளிக்குத்தானே தம்பி போட்டேன்?" என்று பூர்வபட்சம் எழுப்புவார், தோட்டத்து மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பட்டறைப் போமன் வாதாட மாட்டார். பானெட்டைத் தூக்கிக் குழாய் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒரு மூட்டில் மட்டும் எண்ணெய் கசிந்து, அதில் புழுதி அப்பிக் கறுத்திருக்கும். அங்கே சோப்புத் தண்ணியை அடித்துவிட்டுக் காத்திருப்பார். ஒரு குமிழி மெல்ல ஊறிப் பெருத்து உடையும்; அதே இடத்தில் இன்னொன்று ஊறும். "பாத்தீங்களாண்ணே, உங்க தீபாவளி இது வழியாத்தான் போவுது." இது காண்டல் அளவை. காயிலிலேயே ஓட்டை என்றால் டேஷ்போர்டைக் கழற்றிய பிறகே காண்டல் சித்திக்கும். பெரியவர் அதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம், மதியச் சாப்பாட்டையும் முடித்துவிடலாம்.

நூற்பா:
*ஓடின் குளிர்ந்து நிற்பின் காயுமேல்
குற்றம் முன்புறத்தது.*

இது கருதல் அளவை. காண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கும். சிக்னலில் விசிறியே கதி. எனவே ஃபேன் மோட்டார் ஓய்ந்திருக்கும், அல்லது காண்டென்சர் இடுக்கில் புழுதியும் பூச்சியும் அடைந்திருக்கும். சில சமயம் தண்ணீர் அடித்துக் கழுவினாலே போதும். பக்கத்து சீட்டில் இருப்பவரின் கால் நனைந்தால் வடிகுழாய் அடைப்பு. பால்மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் காற்று வரும் வழியெல்லாம் சருகு. விரித்துரைக்க ஒன்றுமில்லை.

விரிக்க வேண்டியது வேறு. முதல் சாகாக்கள் ஆர்-12 கேஸில் ஓடியவை. அது ஓசோனைத் தின்கிறது என்று 1987-இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட, அதன் இடத்துக்கு ஆர்-134ஏ வந்தது. பழைய கேஸோடு சுற்றிய மினரல் எண்ணெய் புதிய கேஸில் கலக்காது. எண்ணெய் வழியில் தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு இறுகும். ஆகவே எண்ணெயும் ட்ரையரும் மாற்றி, வெக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். வெற்றிடத்தில் பட்டறைச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போய்விடும். அந்த ஈரம் உள்ளேயே தங்கினால் வால்வின் வாயில் பனியாக உறையும்: கொஞ்ச நேரம் குளிரும், பிறகு சூடு, நிறுத்தி எடுத்தால் மறுபடி குளிர். பேய் பிடித்த காரென்று விற்கப்பட்டவற்றுள் சில இவ்வகையின என்பது எம் துணிபு.

மூன்றாவது, உரை அளவை. சாப்பாட்டுக் கடை மேசையில் யார் எந்த நோயைச் சொன்னாலும் "கம்ப்ரஸர் போச்சுலா" என்று தீர்ப்பாகும். பழைய பாகங்கள் விற்கும் ஹாஃப்-கட் கடைகள் பிழைப்பது இந்த அளவையால்தான்.

எஞ்சியது சன்னல் மதம். பெல்ட்டையே கழற்றிவிட்டு, ஜெராய் மலைக் காற்றே மெய்ப்பொருள் என்போர் இவர். நாறும் ரப்பர்க் கட்டிப்பால் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போது மட்டும் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏர்கோன் சுவிட்சை ஒருமுறை தட்டிப் பார்ப்பர்.