மூணாவது தரம் சொல்வதற்கு முன்

அனுப்புநர்:
ஏலம் கேட்க வக்கில்லாத ஒரு வாசகன்,
கும்பகோணம் வட்டம்.

பெறுநர்:
நிர்வாகத்தார் அவர்கள்,
சோத்பீஸ் ஏல நிறுவனம்,
நியூயார்க், லண்டன், ஹாங்காங்.

பொருள்: சுவரில் ஒட்டிய வாழைப்பழம் முதல் சுந்தரப்பெருமாள்கோயில் ஆழ்வார் வரை விளக்கம் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. நியூயார்க் ஏலம், நாள் 20.11.2024. 2. ஹாங்காங் ஏலம் (நடக்காதது), நாள் 7.5.2025. 3. லண்டன் ஏலம், ஆண்டு 1967.

ஐயா / அம்மையீர்,

1744இல் லண்டனில் பழைய புத்தகங்களை ஏலம் விட ஆரம்பித்த கடை, ஒற்றை வாழைப்பழத்தை 62 லட்சம் டாலருக்கு விற்கும் அளவுக்கு வளர்ந்திருப்பதைப் பார்த்து வயிறு எரிகிறது. எங்கள் பக்கத்திலும் வாழை ஏலத்தில்தான் போகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து பாருங்கள். தார் தாராக அடுக்கிவைத்து, ஏலக்காரர் தொண்டை வற்றக் கத்துவார். ஒரு தாருக்கு நல்ல விலை வந்தால் விவசாயி அன்றைக்குச் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போவார், அவ்வளவுதான். சீப்பிலிருந்து ஒன்றைப் பிய்த்து டேப்பால் சுவரில் ஒட்டினால் 52 கோடி ரூபாய் வரும் என்ற வித்தையை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வேளாண் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரிலேயே இருந்தும் இந்தக் கதி.

அந்தப் பழத்தை நியூயார்க்கில் ஒரு பழவண்டிக்காரரிடம் 35 சென்ட்டுக்கு வாங்கியதாகப் பத்திரிகைகள் எழுதின. இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலான் அதற்கு வைத்த பெயர் 'காமெடியன்'. பத்து முதல் பதினைந்து லட்சம் டாலர் போகும் என்று நீங்கள் மதிப்பிட்டிருந்தீர்கள். சுத்தியல் விழும்போது விலை 52 லட்சம். மேலே உள்ள பத்து லட்சம் உங்கள் கமிஷன். கிரிப்டோ நாணய வியாபாரி ஜஸ்டின் சன் அதை ஏலத்தில் எடுத்து, ஒன்பதாம் நாள் ஹாங்காங்கில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு வைத்து உரித்துச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டாரா என்று செய்தியில் இல்லை.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. அவர் வாங்கியது பழத்தையல்ல, பத்திரத்தை. இந்தப் படைப்புக்கு 14 பக்க வழிகாட்டி இருக்கிறது. தரையிலிருந்து 175 செ.மீ. உயரத்தில் ஒட்ட வேண்டும், ஏழிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை பழத்தை மாற்ற வேண்டும் என்றெல்லாம் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். பழம் அழுகலாம், தின்னப்படலாம். சான்றிதழ் கையில் இருக்கும்வரை சொத்து அவருடையது. 2019இல் மயாமியில் இது முதல்முதலாக 1,20,000 டாலருக்குப் போனதிலிருந்து யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதற்குத் தடம் இருக்கிறது. எங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்க நடையாய் நடப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். நாளைக்கு அழுகிப்போகும் பண்டத்துக்கு இவ்வளவு சுத்தமான தாய்ப்பத்திரம்! இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; கடிதத்தின் பின்பகுதியில் தேவைப்படும்.

அதே கலைஞரின் தங்கக் கழிப்பறையையும் 2025 நவம்பரில் விற்றீர்கள். 101.2 கிலோ. எங்கள் கணக்கில் 12,650 சவரன், அதுவும் 22 கேரட்கூட இல்லை, 18. அன்றைய தங்க விலையையே ஆரம்ப விலையாக வைத்தீர்கள். கேட்டது ஒரே ஒருவர். சுமார் ஒரு கோடி டாலரில் சுத்தியல் விழுந்தது. உங்கள் கட்டணமும் சேர்ந்து 1.21 கோடி டாலர் ஆனது. எங்கள் ஊர் நகைக்கடைக்காரர் இதைக் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவார்: தங்கத்துக்குத் தங்கத்தின் விலை, கலைக்குச் செய்கூலி பூஜ்யம், சேதாரம் மட்டும் சோத்பீஸுக்கு. எங்களூர் நாளிதழ்களில் தங்கம் ஏலத்துக்கு வருவது வேறு தினுசு. பொடி எழுத்தில் கடன் எண்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள், மீட்க முடியாதவர்களின் நகைகள். அதற்கு யாரும் கேட்லாக் அச்சடிப்பதில்லை, ஷாம்பெயின் ஊற்றுவதுமில்லை.

தெருக்கலைஞர் பாங்க்சி விவகாரத்தில் உங்கள் கெட்டிக்காரத்தனத்தை மெச்சாமல் இருக்க முடியாது. 2018 அக்டோபரில் லண்டனில் அவருடைய படத்தை விற்று முடித்த கையோடு, சட்டகத்துக்குள் ஒளித்துவைத்திருந்த இயந்திரம் அதைப் பாதிவரை நார் நாராகக் கிழித்தது. அப்போது விலை கட்டணத்தோடு 10.4 லட்சம் பவுண்டு. கிழிந்த அதே படம் மூன்று வருடம் கழித்து உங்களிடமே வந்து 1 கோடியே 85 லட்சம் பவுண்டுக்குப் போனது. இங்கே கிழிசல் புடவைக்குப் பாதி விலை கேட்டாலே கடைக்காரர் சண்டைக்கு வருகிறார்.

செவ்வாய்க்கிரகக் கல்லையும் விட்டுவைக்கவில்லை. ஆப்பிரிக்காவின் நைஜரில் கிடைத்த 24 கிலோ சொச்சம் எடையுள்ள கல் 2025 ஜூலையில் 53 லட்சம் டாலருக்குப் போனது. செவ்வாய் தோஷத்துக்கு வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பஸ் பிடிக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சில்லறையாக உடைத்து விற்க ஏற்பாடு செய்திருப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல் தன் மண்ணைவிட்டு எப்படி வெளியே போனது என்று நைஜர் அரசு விசாரணை வைத்தது. 22 கோடி கிலோமீட்டர் பயணத்தை விஞ்ஞானிகள் விளக்கிவிட்டார்கள். நைஜர் எல்லையைத் தாண்டிய கதைதான் சிக்கல்.

நாங்களும் ஏலத்தில் ஒன்றும் சளைத்தவர்களல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து முருகன் கோயிலில், பங்குனி உத்திரத் திருவிழாவில் வேலில் செருகி வைத்த எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுவார்கள். 2024இல் ஒன்பது பழம் 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயிற்று. தின்றால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக் கேட்டவர்கள். நீங்கள் இதைப் படித்துப் புன்னகைக்கலாம். ஆனால் அந்தத் தம்பதியர் பழத்துக்கும் நம்பிக்கைக்கும் காசு கொடுக்கிறார்கள், அது கோயில் கணக்கில் வரவாகிறது, பழம் வயிற்றுக்குள் போகிறது. முதலீடு என்று யாரும் அதைச் சொல்வதில்லை. தவிர, அந்த வேல் யாருடையது, கோயில் எங்கே இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பார்வை இரண்டு. 1898இல் நேபாள எல்லையோரம் பிப்ரஹ்வாவில், தன் பண்ணை நிலத்திலிருந்த ஸ்தூபியைத் தோண்டினார் வில்லியம் பெப்பே என்ற வெள்ளைக்காரர். உள்ளே கல்பேழை. அதில் எலும்புத் துண்டுகள், அவை சாக்கியர் குலத்துப் புத்தருடையவை என்று சொல்லும் எழுத்துள்ள கலயம், கூடவே நூற்றுக்கணக்கான மணிகளும் ரத்தினங்களும். எலும்புகள் சயாம் மன்னருக்குப் போயின. ரத்தினங்களில் பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்துக்கு. தோண்டியவருக்கும் ஒரு பங்கு விடப்பட்டது. அந்தப் பங்குதான் 2025 மே 7 அன்று ஹாங்காங்கில் உங்கள் மேசைக்கு வர இருந்தது. புத்தரின் அஸ்தியோடு புதைத்த காணிக்கை! எல்லாவற்றையும் துறந்து போனவரின் சொத்தை மதிப்பீடு செய்ய எந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தினீர்கள் என்று அறிய ஆவல்.

இந்திய அரசு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் ஏலத்தைத் தள்ளிவைத்தீர்கள். ஜூலையில் ரத்தினங்கள் இந்தியா வந்து சேர்ந்தன. 'தாயகம் திரும்பின' என்று தலைப்புகள் வந்தன. உண்மையில் என்ன நடந்தது? கோத்ரேஜ் குடும்பத்து நிறுவனம் ஒன்று அவற்றை விலைக்கு வாங்கியது. எவ்வளவுக்கு என்று வெளியே சொல்லவில்லை. பீரோவுக்கும் பூட்டுக்கும் பேர்போன குடும்பம் வாங்கியது ஒருவிதத்தில் பொருத்தம்தான். களவு போனதற்குப் பிறகு பூட்டு வாங்கும் தேசம் இது. 2012இலும் இதே கதை. காந்தி – அவருடைய நண்பர் காலன்பாக் கடிதங்களை லண்டனில் ஏலத்துக்கு அறிவித்தீர்கள். இந்திய அரசு பதறியடித்து முன்கூட்டியே பணம் கட்டி வாங்கியது. உங்கள் தொழில்நுட்பம் பிடிபட்டுவிட்டது: ஏலம் விட வேண்டியதில்லை, விடப்போவதாகச் சொன்னாலே போதும்.

பார்வை மூன்றுக்கு வருவோம். எங்கள் ஊர்க்காரர் சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நீளும்.

தஞ்சாவூர் மாவட்டம் சுந்தரப்பெருமாள்கோயில் கிராமத்தில் சௌந்தரராஜப் பெருமாள் சந்நிதி இருக்கிறது. அங்கே திருமங்கையாழ்வாரின் செப்புத்திருமேனி ஒன்று இருந்தது. பதினாறாம் நூற்றாண்டு வேலை, கையில் வாளும் கேடயமும். அதை 1957இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் கோயிலிலேயே படம் பிடித்திருக்கிறார்கள். பத்தே வருடம் கழித்து, 1967இல், அதே ஆழ்வார் லண்டனில் உங்கள் ஏலக்கூடத்தில் நின்றார். ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் ஏலத்தில் எடுத்தது. டாக்டர் பெல்மான்ட் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பிலிருந்து வந்தது என்பதுதான் கையிலிருந்த விவரம். அவர் கைக்கு எப்படி வந்தது? அதற்குத் துண்டுச்சீட்டும் இல்லை. உரிமம் இல்லாமல் தொல்பொருளை இந்தியாவைவிட்டு வெளியே எடுத்துப்போகக்கூடாது என்ற சட்டம் 1947இலேயே வந்துவிட்டது என்பதைத் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பிறகு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு விசாரித்தபோது, கோயிலில் இருப்பது போலி என்று தெரிந்தது. இத்தனை வருடமும் ஊர்க்காரர்கள் போலிக்குத்தான் தீபாராதனை பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஆழ்வாரின் பூர்வாசிரமம் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வழிப்பறிக்காரர். அடியார்களுக்குச் சோறுபோடக் கொள்ளையடித்தவர், கல்யாணக் கோலத்தில் வந்த பெருமாளையே மடக்கி நகையைக் கழற்றச் சொன்னவர். நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை எடுத்து உருக்கி ஸ்ரீரங்கத்துத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. ஆக, புத்தரைக் களவாடியவரைக் களவாடியவர்களிடமிருந்து வந்ததை விற்ற நீங்கள், கடைசியில் புத்தரிடமே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். எங்கள் கதாகாலட்சேபக்காரர்கள்கூட இப்படி முடிச்சுப் போட்டதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. ஆழ்வார் களவாடினேன் என்று ஒளித்ததில்லை, கமிஷன் எடுத்ததுமில்லை.

அஷ்மோலியன் நிர்வாகத்தை இங்கே பாராட்ட வேண்டும். புதுச்சேரிப் படத்தை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னதும், 2019இல் அவர்களே இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்தார்கள்; 2024இல் திருப்பித் தர ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. வாங்கியவர் மனசாட்சியோடு எழுதிய கடிதம் அது. விற்றவர் எழுத வேண்டிய கடிதம்தான் இன்னும் வரவில்லை.

1997இல் பீட்டர் வாட்சன் என்ற பத்திரிகையாளர் உங்கள் நிறுவனத்துக்குள்ளிருந்து வந்த ஆவணங்களை வைத்து, கடத்தல் தொல்பொருள் வியாபாரம் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகு லண்டனில் தொல்பொருள் ஏலத்தை நிறுத்தினீர்கள். கடையைச் சாத்தியது சரி. பழைய கணக்குப் புத்தகத்தை என்ன செய்தீர்கள்? அச்சான கேட்லாக்குகள் நூலகங்களில் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலும் இல்லாதது, பொருளை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயர். வாடிக்கையாளர் ரகசியம் என்பீர்கள். 52 கோடி ரூபாய்க்கு வாழைப்பழம் வாங்கியவர் அதைத் தின்பதை உலகமே பார்த்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஆழ்வாரைக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் வரிசையில் என்ன அப்படி ரகசியம் காக்கிறீர்கள்?

ஆகவே என் கோரிக்கை சின்னது. சிலைகளைக்கூட இப்போது கேட்கவில்லை. 1947 முதல் 1997 வரை லண்டனில் நீங்கள் விற்ற தென்னிந்தியச் செப்புத்திருமேனிகளின் பட்டியலை, கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதியோடு தாருங்கள். புதுச்சேரியில் எங்கள் கோயில்களின் புகைப்படங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். பட்டியலைப் பிரெஞ்சு நிறுவனத்துக்கு ஒரு படியும் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு ஒரு படியும் அனுப்பிவையுங்கள். தபால் செலவை நாங்கள் கொடுத்துவிடுகிறோம். கமிஷன் மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
வாசகன்.